எழுதக் கற்பிப்பதற்கு ஒரு பட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும் மாணவர்களில் பெரும்பாலோர், பொறியியல் படித்தாலும் செவிலியர் படிப்புக்குப் போனாலும், முதலாண்டில் எழுத்துப் பயிற்சிப் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும் என்றும், அதைக் கற்பிப்போருக்கென்றே ஒரு முதுகலைப் பட்டம் இருக்கிறது என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அங்கே அதை ‘ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன்’ என்கிறார்கள்; சொல்வன்மையும் எழுத்துப் பயிற்றலும் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பட்டத்தை ஆன்லைனில் படிப்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் பதினோரு ஆண்டுகளாக அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுப் படிப்புகள் நடத்தும் உள்ளூர்க் கல்லூரி) அந்த முதலாண்டுப் பாடத்தை நடத்தி வருகிறேன். அதே பட்டத்தைப் பாதி நேரிலும் பாதி ஆன்லைனிலுமாகப் படித்தவள்.

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இலக்கணம் கற்பிக்கப் பயிற்றுவிக்கும் படிப்பா இது?
கல்லூரி மாணவர், திருச்சி

இலக்கிய மாணவர் எழுதி முடிக்கப்பட்ட படைப்பை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். இத்துறையின் மாணவர், வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்து திணறிக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையை ஆராய்கிறார். அவர் முதல் வரியை ஏன் நான்கு முறை அடித்து எழுதுகிறார், யாரை மனத்தில் வைத்து எழுதுகிறார், ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு எதை மாற்றுகிறார், எதை மாற்றாமல் விடுகிறார் என்பவையெல்லாம் இங்கே பாடப்பொருள்.

இலக்கணத்துக்கு இதில் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் எது என்பதைப் பற்றியே இத்துறை நூறாண்டுகளாக விவாதித்து வருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1885-இல் ‘இங்கிலிஷ் ஏ’ என்ற பாடத்தைத் தொடங்கியபோது, வாரந்தோறும் குவிந்த கட்டுரைகளில் பிழை திருத்துவதே ஆசிரியரின் வேலையாக இருந்தது. அந்த நிலை மாற நெடுங்காலம் ஆயிற்று. கல்லூரி எழுத்தாசிரியர்களுக்கென ‘கான்ஃபரன்ஸ் ஆன் காலேஜ் காம்போசிஷன் அண்ட் கம்யூனிகேஷன்’ என்ற அமைப்பு 1949-இல் தோன்றியது. ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவைத்து, எழுத்து எப்படி உருவாகிறது என்பதை 1971-இல் பதிவு செய்தார்.

இத்துறை முன்னோடிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் மீனா ஷாக்னசி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் நகரத்தின் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அனைவருக்கும் தன் கதவைத் திறந்தபோது, முன்பு கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய எழுத்தைப் பார்த்த பேராசிரியர்கள் பலர் இவர்களுக்குக் கற்பிக்கவே முடியாது என்று கைவிரித்தார்கள். ஷாக்னசி அப்பிள்ளைகள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்து, பிழைகளை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தார். பிழைகள் கவனக்குறைவால் வந்து விழுந்தவை அல்லவென்றும், ஒவ்வொரு பிழைக்குப் பின்னும் மாணவர் தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு விதியை நேர்மையாகப் பின்பற்ற முயன்றிருக்கிறார் என்றும் 1977-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். பட்டப்படிப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் அந்நூலைத் தாங்கள் பெரும்பாலும் சந்திப்பீர்கள்.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் எட்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்திருக்கிறேன். கணவரின் வேலை காரணமாக இங்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எச்-4 விசாவில் வேலை அனுமதியும் அண்மையில் கிடைத்துவிட்டது. அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் கற்பிக்க விரும்புகிறேன். அதற்காக ஆன்லைனில் இந்த எம்.ஏ.வைப் படிக்கலாமா? இரண்டு பிள்ளைகள் இருப்பதால் நேரில் போய்ப் படிப்பது இயலாது.
வாசகி, டாலஸ், டெக்சாஸ்

அன்புள்ள சகோதரி, படிக்கலாம். ஆனால் இரண்டாவது எம்.ஏ. தங்களுக்குத் தேவைதானா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். தங்களைப் போன்ற பலர் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்து, இல்லாத தேவைக்காகப் பல ஆயிரம் டாலர் செலவழிப்பதைக் கண்டிருக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரியில் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைக் கற்பிக்க, கற்பிக்கும் துறையிலேயே முதுகலைப் பட்டமோ, வேறு துறையில் முதுகலைப் பட்டத்துடன் கற்பிக்கும் துறையில் முதுகலை நிலையில் 18 கிரெடிட்டோ (பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட் என்ற கணக்கில் ஆறு பாடங்கள்) இருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. தாங்கள் இருக்கும் டெக்சாஸ் உட்பட்ட தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பும் இந்த 18 என்ற எண்ணையே அளவுகோலாகக் குறிப்பிடுகிறது. தங்களிடம் ஆங்கிலத்தில் எம்.ஏ. ஏற்கெனவே இருக்கிறது. எனவே மதிப்பெண் பட்டியல்களை, அங்குள்ள கல்லூரிகள் ஏற்கும் தகுதி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை பெறுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தாங்கள் கற்பிக்க விரும்பும் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, “இந்தத் தகுதி போதுமா, இல்லையெனில் எது குறைகிறது?” என்று நேரடியாகக் கேளுங்கள். அங்கே இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

போதும் என்று பதில் வந்தால், தங்களுக்குத் தேவைப்படுவது எழுத்துக் கற்பித்தலில் பயிற்சி மட்டுமே. அதற்கு ஐந்து அல்லது ஆறு பாடங்கள் கொண்ட சான்றிதழ்ப் படிப்புகள் ஆன்லைனிலேயே இருக்கின்றன. பின்னாளில் மனம் மாறி எம்.ஏ.வையும் முடிக்க நினைத்தால், அந்தக் கிரெடிட்டுகளைப் பல பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சேரும்போதே இதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போதாது என்று பதில் வந்தாலோ, பின்னர் முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தாலோ, எம்.ஏ.வே சரியான வழி.

வேலை பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் ‘அட்ஜங்ட்’ எனப்படும் பகுதிநேரப் பணிதான். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை கிடைக்கும்; மருத்துவக் காப்பீடு அநேகமாக இராது; அடுத்த பருவத்தில் பாடம் கிடைக்குமா என்பது மாணவர் சேர்க்கையைப் பொறுத்தது. நான் நான்கு ஆண்டுகள் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே காரோட்டிக்கொண்டு அப்படித்தான் இருந்தேன். ஒரு கல்லூரியில் பருவம் தொடங்க மூன்று நாட்கள் இருக்கும்போது என் வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். அதற்காக நான் தயாரித்திருந்த பாடத்திட்டத்துக்கு ஒரு டாலர்கூடத் தரவில்லை. கணவரின் வருமானம் இருப்பதால் தாங்கள் தாக்குப்பிடிக்க முடியும் என்றாலும், படிப்புக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் முன் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

செலவும் காலமும் எவ்வளவு ஆகும்?
வாசகர், சார்லட், வட கரோலினா

பெரும்பாலான திட்டங்கள் 30 முதல் 36 கிரெடிட் வரை கேட்கின்றன. பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட் என்ற கணக்கில் பத்து முதல் பன்னிரண்டு பாடங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 33 கிரெடிட்டுக்கு 16,500 டாலர். அதற்கு மேல் தொழில்நுட்பக் கட்டணம் போன்றவை வரும். வேலை பார்த்துக்கொண்டே பருவத்துக்கு இரண்டு பாடங்கள் எடுப்பவர் இரண்டரை அல்லது மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம். பதினைந்து வாரப் பாடத்தை ஏழு, எட்டு வாரங்களுக்குள் சுருக்கி நடத்தும் திட்டங்களில் முழுநேர வேலையோடு இரண்டு பாடங்களை ஒருசேர எடுக்காதீர்கள். படிப்பதற்கு நேரம் கிடைத்துவிடும். எழுதியதை நான்கு நாள் ஆறப்போட்டுத் திருத்துவதற்கு நேரம் கிடைக்காது, இந்தப் படிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஆன்லைனில் படித்தால் நேரில் படித்ததற்கு ஈடாகுமா? எதை வைத்து நல்ல திட்டத்தை அடையாளம் காண்பது?
ஆசிரியை, ஜெர்சி சிட்டி

கடிதங்களில் முக்கியமான கேள்வி இதுவே என்று கருதுகிறேன்.

ஆசிரியர் சொன்னதைப் பழுதறக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கைகூடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய இரண்டு கால் பங்கும் பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் நிறைவெய்தும் என்று நன்னூலின் பாயிரம் கணக்குச் சொல்கிறது. ஓர் ஆன்லைன் திட்டத்தை எடைபோட இதைவிடச் சிறந்த தராசு எனக்குக் கிடைக்கவில்லை. முதல் கால் பங்கு, அதாவது வாசிப்பும் விரிவுரையும், ஆன்லைனில் குறைவின்றிக் கிடைக்கும். இரண்டாவது கால் பங்கு திட்டத்துக்குத் திட்டம் மாறும். வியாழனுக்குள் ஒரு பதிவு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இருவருக்கு மறுமொழி என்று சடங்காக நடக்கும் கலந்துரையாடல்களால் பெரிய பயன் இல்லை. மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, பருவம் முழுவதும் ஒருவர் வரைவை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும்படி அமைத்திருந்தால் அந்தத் திட்டத்தை நம்பலாம்.

சிக்கல் எஞ்சிய அரைப் பங்கில் இருக்கிறது. நேரில் படிப்பவர்களில் பலருக்கு ‘டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப்’ கிடைக்கிறது. முதலாண்டு மாணவர் வகுப்பு ஒன்றையோ இரண்டையோ அவர்களே நடத்துகிறார்கள். அனுபவமுள்ள பேராசிரியர் வாரம் ஒருமுறை அவர்களைக் கூட்டிவைத்து, திருத்திய கட்டுரைகளை மேசையில் பரப்பிப் பேசுகிறார். படிப்புக் கட்டணமும் பெரும்பாலும் விலக்கப்படுகிறது. ஆன்லைன் மாணவருக்கு இந்த வாய்ப்பு அரிது. எனவே, திட்ட இயக்குநரிடம் தாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “படிப்புக் காலத்தில் உண்மையான மாணவர்களின் எழுத்து என் கைக்கு வருமா, நான் அதற்குத் தரும் மறுமொழியைப் படித்துப் பார்த்து எனக்குச் சொல்லித் தருபவர் யார்?” என்பதாக இருக்கட்டும். மாணவர்களின் எழுத்துக்கு உதவும் பல்கலைக்கழக ‘ரைட்டிங் சென்டர்’ ஆன்லைனிலும் இயங்குமானால், அங்கே பயிற்றுநராக அமர வாய்ப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். தாங்கள் ஏற்கெனவே பள்ளி ஆசிரியையாக இருப்பதால், தங்கள் வகுப்பறையையே களமாக ஏற்றுக்கொள்ளும் திட்டம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கட்டுரையைக் காட்டுகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்து எழுதினார். “மனித குலம் தோன்றிய நாள் முதல் போக்குவரத்து இன்றியமையாததாக இருந்து வருகிறது” என்பது முதல் வரி. சக்கரம், குதிரை, நீராவி எஞ்சின் என்று ஒரு பக்கம் ஓடிற்று. இரண்டாம் பக்கத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள், தம் தாய் இரவுப் பணி முடிந்து நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நிற்கிறார் என்றும், வாடகைக் காருக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் ஒரு மணி நேரத்துக்கு உரியது போய்விடும் என்றும் ஒரு வரி இருந்தது. பட்டம் படிக்கும் முன்பு நான் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்பது இடங்களில் காற்புள்ளி திருத்தி, கீழே “தலைப்பை விட்டு விலகுகிறீர்கள்” என்று எழுதியிருப்பேன். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ இது என்பதைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவும் எனக்கு இருந்திருக்கும். இந்த முறை அந்த அடைப்புக்குறி வரியை மட்டும் வட்டமிட்டு, “நிறுத்தத்தில் விளக்கு உண்டா? அம்மா யாரோடு நிற்கிறார்? நகராட்சி உறுப்பினர் ஒருவர் இதைப் படித்தால் எந்த வரியில் நிறுத்துவார்?” என்று மூன்று கேள்விகள் எழுதினேன். அடுத்த வரைவில் சக்கரமும் குதிரையும் காணாமல் போயிருந்தன. கட்டுரை அந்த நிறுத்தத்தில் தொடங்கியது. காற்புள்ளிகளில் பாதி தாமாகவே சரியாகியிருந்தன. தான் சொல்ல வந்தது எது என்று தெளிந்தவுடன் வாக்கியமும் நேராகிவிட்டது.

எந்த ஒரு குறிப்பை எழுதுவது, எந்த எட்டை இன்றைக்கு எழுதாமல் விடுவது என்ற அந்த முடிவை நூல்களிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள இயலாது. பக்கத்தில் ஒருவர் இருந்து, “இந்தப் பிள்ளைக்கு இத்தனை குறிப்புகள் தாங்காது” என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவரைத் தங்களுக்குத் தரும் திட்டம் நல்ல திட்டம்.

மாணவர் விசாவில் அமெரிக்கா சென்று இந்த ஆன்லைன் படிப்பைப் படிக்க முடியுமா?
பட்டதாரி, சேலம்

முடியாது. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 எனப்படும் மாணவர் விசா வழங்கப்படுவதில்லை. எஃப்-1 விசாவில் நேரில் படிப்பவர்கூட, முழுநேரப் படிப்புக் கணக்கில் பருவத்துக்கு ஓர் ஆன்லைன் பாடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கா செல்வதே தங்கள் நோக்கமானால், அசிஸ்டன்ட்ஷிப் வழங்கும் நேர்முகப் படிப்புகளுக்கே விண்ணப்பியுங்கள். செலவும் அதில்தான் குறையும்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே படித்தால் இங்கு உதவிப் பேராசிரியர் பணிக்குச் செல்லுபடியாகுமா?
தனியார் கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, அந்தப் பணிக்காக மட்டும் இதைப் படிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தியாவில் உதவிப் பேராசிரியராக, உரிய துறையில் 55 விழுக்காட்டுடன் முதுகலையும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேர்ச்சியும் பொதுவாக வேண்டும். நெட் தேர்வில் ஆங்கிலம் ஒரு பாடம்; ரெட்டரிக் அவ்வாறு தனிப் பாடமாக இல்லை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்குவதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 ஏப்ரலில் புதிதாக வெளியிட்டிருக்கிறது. ஆன்லைன் பட்டம் என்பதால், கட்டணம் செலுத்தும் முன்பே தாங்கள் சேரவிருக்கும் படிப்பின் பெயரைக் குறிப்பிட்டு யுஜிசியிடம் எழுத்துமூலம் பதில் பெற்றுவிடுங்கள்.

கற்பிக்கும் திறனை வளர்த்துக்கொள்ள விரும்பினால், ஹைதராபாத்தில் 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி இன்று இஃப்லு என்று அறியப்படும் பல்கலைக்கழகத்தின், ஆங்கிலம் கற்பித்தலுக்கான தொலைநிலைப் படிப்புகள் தங்களுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு நான் எழுதக் கற்பிப்பதை அங்கே ஏற்பார்களா என்ற தயக்கம் இருக்கிறது.
ஆசிரியர், யாழ்ப்பாணம்

இந்தத் தயக்கத்துக்குத் தங்கள் ஊரிலிருந்தே பதில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, பின்னர் அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, இத்துறையின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவரானார். போர்க்காலத்தில் தாளும் மின்சாரமும் கிடைக்காத யாழ்ப்பாணத்திலிருந்து மேலைநாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது எவ்வளவு பாடு என்பதையே அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். கருத்தில் குறை இல்லாத கட்டுரைகள், தாளின் தரமும் படிகளின் எண்ணிக்கையும் அஞ்சலும் குறித்த நிபந்தனைகளை நிறைவேற்ற வழியில்லாமலேயே பின்தங்கிப் போவதை அவர் எடுத்துக் காட்டினார். பல மொழிகளில் வாழ்பவர் ஆங்கிலத்தில் எழுதும்போது தம் மொழிகளின் வளத்தையும் கொண்டுவருகிறார் என்ற பார்வை இன்று இத்துறையில் வலுவாக இருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மாணவர் தம் வீட்டு மொழிவழக்கில் எழுதும் உரிமையை, நான் மேலே சொன்ன ஆசிரியர் அமைப்பு 1974-இலேயே தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது.

வகுப்பறையில் எல்லோரும் அந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. என் முதல் பருவத்தில், பெயரைப் பார்த்தே வகுப்பை மாற்றிக்கொண்ட மாணவர்கள் இருந்தார்கள், அது வலித்தது. இரண்டாம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அப்படி யாரும் போகவில்லை. விண்ணப்பக் கட்டுரையில், தமிழ் வழியாகச் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதக் கற்ற தங்கள் அனுபவத்தை மறைக்காமல் எழுதுங்கள். அது தங்களுக்குப் பலம் சேர்க்கும்.

சாட்ஜிபிடி நொடியில் கட்டுரை எழுதித் தருகிறதே. இனி எழுதக் கற்பிப்பவருக்கு வேலை இருக்குமா?
மென்பொருள் பணியாளர், சென்னை

2022 நவம்பரில் அது வெளிவந்த பிறகு என் வகுப்பும் மாறியிருக்கிறது. வீட்டில் எழுதி வரும் ஒற்றைக் கட்டுரைக்கு மதிப்பெண் தருவதை நிறுத்திவிட்டேன். வகுப்பில் கையால் எழுதும் முதல் குறிப்பு, இரண்டு வரைவுகள், எதை ஏன் மாற்றினேன் என்று மாணவரே எழுதும் ஒரு பக்கம் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறேன். அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கமும் (எம்.எல்.ஏ.) மேலே சொன்ன கல்லூரி எழுத்தாசிரியர் அமைப்பும் சேர்ந்து 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையும் எழுத்தின் படிநிலைகளுக்கு முதன்மை தரும்படியே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டது.

பேருந்து நிறுத்தக் கட்டுரையை எழுதித் தரும்படி அந்தக் கருவியிடம் கேட்டுப் பார்த்தேன். சக்கரமும் நீராவி எஞ்சினும் பிழையற்ற ஆங்கிலத்தில் வந்தன. நாற்பது நிமிடம் நிற்கும் தாய் அதில் இல்லை. மாணவி சொல்லாமல் அது வரவும் முடியாது. அதைச் சொல்ல வைக்கும் வேலைக்கு இன்றும் ஓர் ஆசிரியர் வேண்டும். ஆனால் கல்லூரி நிர்வாகங்கள் செலவைக் குறைப்பதற்கு இதை ஒரு சாக்காக்கி வகுப்புகளின் அளவைப் பெருக்கிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. ஒருவர் நாற்பது பிள்ளைகளின் வரைவுகளை நான் சொன்ன முறையில் படிக்க முடியாது.

எப்படி விண்ணப்பிப்பது? இப்போதே செய்யக்கூடியது என்ன?
பலர்

மதிப்பெண் பட்டியல்கள், இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை, பத்துப் பதினைந்து பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று. இவையே வழக்கமாகக் கேட்கப்படுபவை. முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் இப்போது கேட்பதில்லை. மூன்றாண்டு இளங்கலை முடித்தவர்கள் அது ஏற்கப்படுமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்பதை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளத்தில் தாங்களே சரிபாருங்கள். விளம்பர அழைப்பில் பேசுபவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே உள்ளூர்ப் பொது நூலகத்தை அணுகிப் பாருங்கள். பெரியவர்களுக்கு வாசிக்கவும் எழுதவும் கற்பிக்கும் தன்னார்வத் திட்டங்கள் பல நூலகங்களில் நடக்கின்றன. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாக்காரர்களும், எல்லோரும் ஊதியமின்றியே செய்யும் இத்தகைய பணியில் சேரலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஐம்பது வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர், மகளின் பள்ளிக்கு எழுத வேண்டிய விடுப்புக் கடிதத்தை என்னோடு உட்கார்ந்து ஆறு முறை எழுதினார். ஐந்தாவது வரைவில் “தயவுசெய்து” என்ற சொல்லை அடித்துவிட்டு, “என் மகளுக்குக் காய்ச்சல்” என்று தொடங்கினார். என் விண்ணப்பத்துடன் அனுப்பிய நோக்கக் கட்டுரையின் முதல் பத்தி அந்த ஆறு வரைவுகளைப் பற்றியது.